லாபம் இளைக்கிறது, சம்பளம் கொழுக்கிறது: கோலாலம்பூர் சிறு பங்குதாரர்களின் கேள்விகளும் பதில்களும்

டிசம்பரில் கணக்கை முடிக்கும் பொது நிறுவனங்கள் ஜூன் இறுதிக்குள் ஆண்டுப் பொதுக் கூட்டத்தை நடத்தியாக வேண்டும். அதனால் மே, ஜூன் மாதங்களில் கோலாலம்பூர் ஹோட்டல் மண்டபங்களில் கூட்டத்துக்கு மேல் கூட்டம். அந்தப் பருவத்தில் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் நம்மவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "லாபம் பாதியாகிவிட்டது, இலாப ஈவு கரைந்துவிட்டது. மேலே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் எப்படிச் சம்பளம் ஏறுகிறது?" நான் வழக்கறிஞனும் அல்ல, பங்குத் தரகனும் அல்ல. சில நூறு பங்குகளை வைத்துக்கொண்டு கூட்டங்களுக்குப் போய் வருகிறவன். கீழே உள்ளவை புர்சா மலேசியா பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்குப் பொருந்துபவை.

லாபம் சரிந்த ஆண்டில் தலைமைச் செயல்முறை அதிகாரியின் சம்பளத்தைக் கூட்டுவதற்குச் சட்டம் தடை போடவில்லையா?

இல்லை. அவருடைய சம்பளத்தை ஏற்பதா மறுப்பதா என்று உங்களிடம் யாரும் வாக்குக்கூடக் கேட்பதில்லை.

2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் 2017 ஜனவரி 31 அன்று அமலுக்கு வந்தது. அதன் 230ஆம் பிரிவின்படி, இயக்குநர்களின் கட்டணத்துக்கும் அவர்களுக்கான பலன்களுக்கும் பொதுக் கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். வேலை ஒப்பந்தத்தின் கீழ் நிர்வாக இயக்குநர் வாங்கும் மாதச் சம்பளமும் போனஸும் இதற்குள் வருவதில்லை. அவற்றை ஊதியக் குழு பரிந்துரைக்கிறது, இயக்குநர் வாரியம் முடிவு செய்கிறது. பிரிட்டனில் 2002இல் வந்த விதிகளுக்குப் பிறகு ஊதிய அறிக்கையின் மீது பங்குதாரர்கள் ஆண்டுதோறும் வாக்களிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2011 முதல் இன்னும் கடுமை: தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் 25 விழுக்காட்டினர் ஊதிய அறிக்கையை எதிர்த்தால், வாரியத்தையே மறு தேர்தலுக்கு அனுப்பலாமா என்ற வாக்கெடுப்பு வந்துவிடும். நம் நாட்டில் அப்படி ஒரு வாக்கு கிடையாது.

ஆக, நமக்குக் கோபம் வரும் இடம் ஒன்று, நம் வாக்கு இருக்கும் இடம் வேறொன்று. இதைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவர் மண்டபத்தில் சத்தம் போட்டுவிட்டு, வாக்குச் சாதனம் கைக்கு வந்ததும் எல்லாத் தீர்மானத்துக்கும் "ஆதரவு" என்று அழுத்திவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறார்.

ஒரே ஒரு தடையைச் சொல்லலாம். புர்சாவின் பட்டியலிடல் விதிகளின்படி நிர்வாக இயக்குநரின் சம்பளத்தில் மொத்த விற்பனை மீதான கமிஷனோ விழுக்காடோ இருக்கக்கூடாது. விற்பனையை மட்டும் ஊதிப் பெருக்கிக் காசு பார்க்கக்கூடாது என்பதற்காக.

அப்படியானால் தீர்மானப் பட்டியலில் வரும் "இயக்குநர் கட்டணம்" என்ன?

பெரும்பாலும் அது நிர்வாகத்தில் இல்லாத இயக்குநர்களுக்கான ஆண்டுக் கட்டணமும், கூட்டத்துக்கு வந்தால் கொடுக்கும் படியும்தான். தலைமை அதிகாரியின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. தலைமை அதிகாரி மேல் உள்ள கோபத்தில் இந்தத் தீர்மானத்தை எதிர்க்கிறவர்கள் உண்டு. எதிர்ப்பைக் காட்ட அதுவும் ஒரு வழிதான். ஆனால் குறி சற்றுத் தவறிவிடுகிறது.

சரியான குறி எது என்றால், ஊதியக் குழு உறுப்பினர்களின் மறு தேர்வு. மலேசிய நிறுவன நல்லாட்சி நெறிமுறையின்படி அந்தக் குழுவில் நிர்வாகத்தில் இல்லாத இயக்குநர்கள் மட்டுமே இருக்க வேண்டும், அவர்களில் பெரும்பான்மையினர் நிர்வாகத்தையும் பெரிய பங்குதாரர்களையும் சாராத தனி இயக்குநர்களாக இருக்க வேண்டும். தலைமை அதிகாரிக்கு எவ்வளவு என்று பேசி முடித்தவர்கள் இவர்கள்தான். ஒவ்வோர் இயக்குநரும் 3 ஆண்டுக்கு ஒரு முறையாவது பதவி விலகி மறு தேர்வுக்கு நிற்க வேண்டும். இந்த ஆண்டு நிற்பவர்களில் ஊதியக் குழுவில் இருப்பவர் யார் என்று ஆண்டறிக்கையைப் பார்த்தால் தெரிந்துவிடும். அவருடைய பெயருக்கு எதிரே நீங்கள் அழுத்தும் "எதிர்ப்பு", கட்டணத்துக்கு எதிரான நூறு முணுமுணுப்பைவிடப் பெரிது.

யாருக்கு எவ்வளவு என்ற விவரம் எங்கே இருக்கிறது? ஆண்டறிக்கை 250 பக்கம்.

முன்பாதியில் உள்ள மரம் நடும் படங்களையும் தலைவரின் கடிதத்தையும் தாண்டுங்கள். மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, நல்லாட்சி பற்றிய அறிக்கை. இதன் முழு வடிவத்தைப் புர்சா இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயருக்குக் கீழே தனி ஆவணமாகப் போட்டிருப்பார்கள். அதில் 8.1 என்ற எண்ணைத் தேடுங்கள். ஒவ்வோர் இயக்குநரின் பெயருக்கும் நேரே கட்டணம், படி, சம்பளம், போனஸ், பொருளாகக் கிடைக்கும் பலன் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். இரண்டு பட்டியல்கள் உண்டு என்பதை மறக்க வேண்டாம்: ஒன்று தாய் நிறுவனம் மட்டும், மற்றொன்று துணை நிறுவனங்களையும் சேர்த்த குழுமம். முதல் பட்டியலில் 60,000 ரிங்கிட் என்று சாதுவாக நிற்கும் ஒரு பெயர், குழுமப் பட்டியலில் மில்லியன் கணக்கில் நிமிர்ந்து நிற்கும். குழுமப் பட்டியலைத்தான் படிக்க வேண்டும்.

இரண்டாவது, கணக்கறிக்கைக் குறிப்புகளில் வரும் "முக்கிய நிர்வாகத்தினரின் ஊதியம்". மூன்றாவது, ஊழியர் பங்குத் திட்டம் பற்றிய பகுதி. பணமாகக் கொடுக்காததைப் பங்காகக் கொடுத்திருக்கலாம்.

கணக்கைக் காட்ட ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நிகர லாபம் 60 மில்லியன் ரிங்கிட்டிலிருந்து 24 மில்லியனுக்கு இறங்கியது. பங்குக்கு 6 சென்னாக இருந்த இலாப ஈவு 2 சென்னானது. நிர்வாக இயக்குநரின் சம்பளம் 2.4 மில்லியனிலிருந்து 2.5 மில்லியன், போனஸ் 0.6 மில்லியனிலிருந்து 0.9 மில்லியன், மற்றவை 0.4 மில்லியனிலிருந்து 0.5 மில்லியன். மொத்தம் 3.4 மில்லியன் போய் 3.9 மில்லியன் வந்தது. கூடியது அரை மில்லியன்தானே என்பார்கள். லாபத்தோடு வைத்துப் பாருங்கள்: முந்தைய ஆண்டில் லாபத்துக்கு 5.7 விழுக்காட்டு அளவாக இருந்த அவரது ஊதியம், இந்த ஆண்டு 16 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. இதுதான் கூட்டத்தில் சொல்ல வேண்டிய எண்.

குடும்ப நிறுவனமாக இருந்தால் ஒருவரோடு நிறுத்தக்கூடாது. அப்பா செயல் தலைவர், மூத்த மகன் நிர்வாக இயக்குநர், இளைய மகள் செயல் இயக்குநர், மருமகன் துணை நிறுவனத்தில். ஆண்டறிக்கையில் இயக்குநர்களின் விவரப் பக்கத்தில் யாருக்கு யார் உறவு என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தையும் ஊதியப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு போகிறது என்று கூட்டுங்கள். சிறு, நடுத்தர நிறுவனங்களில் உண்மையான கதை இந்தக் கூட்டலில்தான் இருக்கிறது.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஆண்டுக் கணக்கில் வரும் போனஸ் சில நேரம் போன ஆண்டின் நல்ல லாபத்துக்காகக் கொடுத்ததாக இருக்கும். குற்றம் சாட்டும் முன் அதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் மேடையிலிருப்பவர் ஒரே வரியில் உங்களை உட்கார வைத்துவிடுவார்.

வாரியத்தில் இல்லாத உயர் அதிகாரிகளின் சம்பளம்?

முதல் ஐந்து உயர் அதிகாரிகளின் ஊதியத்தைப் பெயரோடு, 50,000 ரிங்கிட் படிநிலைகளில் வெளியிட வேண்டும் என்கிறது நெறிமுறையின் 8.2. ஆனால் இது "கடைப்பிடி, அல்லது ஏன் கடைப்பிடிக்கவில்லை என்று விளக்கு" என்ற வகை. பல நிறுவனங்கள் விளக்கத்தையே தேர்ந்தெடுக்கின்றன. போட்டி நிறுவனம் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும், அதிகாரிகளின் பாதுகாப்புக்கு ஆபத்து என்ற இரண்டு காரணங்களும் ஆண்டுக்கு ஆண்டு எழுத்து மாறாமல் வரும்.

லாபம் குறைந்ததற்கு நிர்வாகம் சொல்லும் காரணங்களை எப்படி எடைபோடுவது?

சில காரணங்கள் உண்மையானவை. ஏற்றுமதி நிறுவனத்துக்கு டாலருக்கு எதிராக ரிங்கிட் வலுத்தால் அடி விழும். 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது, ஆள் பலத்தை நம்பிய தொழில்களுக்குச் செலவு கூடியது. இதையெல்லாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரே துறையில் இருக்கும் வேறு இரண்டு நிறுவனங்களின் காலாண்டு அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். காலாண்டு முடிந்து 2 மாதங்களுக்குள் எல்லாரும் வெளியிட்டே ஆக வேண்டும், இலவசமாகக் கிடைக்கும். அதே ரிங்கிட், அதே சம்பள உயர்வு, அவர்களுடைய லாபம் மட்டும் ஏன் விழவில்லை? ஒரு காலாண்டை வைத்து முடிவு கட்டாமல் ஐந்தாண்டுக் கணக்கைப் பாருங்கள். லாபம் கூடிய ஆண்டுகளில் "எங்கள் தொலைநோக்கு", குறைந்த ஆண்டுகளில் "உலகச் சூழல்" என்று தலைவர் கடிதம் மாறி மாறிப் பேசினால் புரிந்துகொள்ளலாம்.

தொழிலாளிக்கு 200 ரிங்கிட் கூடியதை லாபச் சரிவுக்குக் காரணமாக எழுதிவிட்டு, அதே அறிக்கையின் பின்பக்கத்தில் நிர்வாக இயக்குநரின் போனஸைக் கூட்டியிருக்கும் நிறுவனத்தைக் கண்டால் எனக்குப் பொறுப்பதில்லை. இதைக் கூட்டத்தில் எழுந்து, இரண்டு பக்க எண்களையும் சொல்லிக் கேளுங்கள்.

என்னிடம் 100 பங்குதான் இருக்கிறது. கேள்வி கேட்க உரிமை உண்டா?

உண்டு. நிறுவனச் சட்டத்தின் 195ஆம் பிரிவு, நிர்வாகத்தைப் பற்றிக் கேள்வி கேட்கவும் கருத்துச் சொல்லவும் பரிந்துரை செய்யவும் பங்குதாரர்களுக்குக் கூட்டத் தலைவர் நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. எத்தனை பங்கு என்று அதில் இல்லை.

ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பங்குகள் பதிவாகியிருக்கும் சிடிஎஸ் கணக்கு நேரடியாக உங்கள் பெயரில் இருக்கிறதா, தரகு நிறுவனம் தன் பெயரில் உங்களுக்காக வைத்திருக்கும் நாமினி கணக்கா? கைப்பேசிச் செயலிகளில் பங்கு வாங்கும் இளைஞர்கள் பலர் நாமினி கணக்கில் இருக்கிறார்கள். அவர்களின் பெயர் நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்காது, கூட்டத்துக்கு அழைப்பும் வராது. தரகரிடம் முன்கூட்டியே சொல்லி, தன்னைப் பிரதிநிதியாக நியமிக்கச் செய்தால்தான் உள்ளே போக முடியும்.

ஆங்கிலம் சரளமாக வராது. டத்தோக்களும் டான்ஸ்ரீக்களும் உட்கார்ந்திருக்கும் மேடையைப் பார்த்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது.

நம் பெரியவர்கள் பலருடைய நிலை இது. மலாயில் கேட்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். தோட்டத்திலும் அரசாங்க அலுவலகத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம்மவர்கள் பேசும் மலாய், மேடையில் இருக்கும் சிலரின் மலாயைவிடத் தெளிவாகவே இருக்கும்.

இன்னொரு வழி, பிரதிநிதி. உங்களுக்குப் பதிலாக யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம். அவர் பங்குதாரராக இருக்க வேண்டியதில்லை. கணக்கியல் படித்த பேத்தியை அனுப்புங்கள். படிவம் வழக்கமாகக் கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பாகப் போய்ச் சேர வேண்டும். படிவத்தில் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே ஆதரவா எதிர்ப்பா என்று குறித்துவிடுங்கள். காலியாக விட்டுக் கூட்டத் தலைவரையே பிரதிநிதியாக நியமித்தால், உங்கள் வாக்கு அவர் விருப்பப்படி போகும். அவர் எந்தப் பக்கம் போடுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது வழி, எழுத்து. பல நிறுவனங்கள் கேள்விகளை மின்னஞ்சலில் முன்கூட்டியே வாங்கிக்கொள்கின்றன. கூச்சம் இல்லாதவர்களுக்கும் இதுவே நல்லது. எழுதிய கேள்வியை "கவனிக்கிறோம்" என்று வாயால் தள்ளிவிடுவது கடினம்.

எப்படிக் கேட்டால் பதில் வரும்?

"இவ்வளவு சம்பளம் வாங்க வெட்கமாக இல்லையா?" என்று கேட்டால் கைதட்டல் வரும், பதில் வராது. மேலே சொன்ன கற்பனை நிறுவனத்தை வைத்து ஒரு மாதிரி:

"நிகர லாபம் 60 மில்லியனிலிருந்து 24 மில்லியனுக்குக் குறைந்த ஆண்டில், நிர்வாக இயக்குநரின் போனஸ் 6 லட்சத்திலிருந்து 9 லட்சமாக உயர்ந்திருக்கிறது. இந்தப் போனஸ் எந்த இலக்குகளின் அடிப்படையில் முடிவானது? அவற்றில் எவை எட்டப்பட்டன? ஊதியக் குழுவின் தலைவர் பதில் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரிதான் உயிர். அதைச் சொல்லாவிட்டால், தன் சம்பளத்தைப் பற்றிய கேள்விக்கு நிர்வாக இயக்குநர் தாமே எழுந்து விளக்கம் கொடுப்பார். நான் பார்த்த ஒரு கூட்டத்தில் அப்படித்தான் நடந்தது. ஊதியக் குழுத் தலைவர் பக்கத்து நாற்காலியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சந்தை நிலவரத்தோடு ஒப்பிட்டு ஆலோசகர் பரிந்துரைத்தார்" என்பது பழகிப்போன பதில். விடாதீர்கள். எந்த எந்த நிறுவனங்களோடு ஒப்பிட்டார்கள், அவற்றின் அளவும் லாபமும் என்ன என்று கேளுங்கள். நம்மைவிட மூன்று மடங்கு பெரிய நிறுவனத்தின் தலைமை அதிகாரியோடு ஒப்பிட்டிருந்தால் சம்பளம் குறைவாகத்தான் தெரியும். "திறமையானவரைத் தக்கவைக்க வேண்டும்" என்பது அடுத்த பதில். குடும்ப நிறுவனத்தில் முதலாளியின் மகன் எங்கே ஓடிவிடப் போகிறார் என்று மரியாதையாகக் கேட்கலாம்.

அன்பளிப்புப் பைக்காகவும் சாப்பாட்டுக்காகவும் வருகிறார்கள் என்று கேலி செய்கிறார்களே?

வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் உங்கள் பணம்தான். ஆனால் வாசலில் அடையாள அட்டையான மைகார்டைக் காட்டிக் கையில் பட்டை கட்டிக்கொண்டு, உணவுச் சீட்டையும் பெற்று, கூட்டம் தொடங்கும் முன்பே கறிபாப் பொட்டலத்தோடு லிஃப்டில் இறங்குகிறவர்களின் எண்ணிக்கையை நிர்வாகமும் கவனிக்கிறது. "பங்குதாரர்களுக்கு அக்கறை இல்லை" என்ற தைரியம் அங்கிருந்துதான் வருகிறது.

இணையவழிக் கூட்டங்களில் நம் கேள்வியைப் படிக்காமலே விட்டுவிடுகிறார்களே?

கோவிட் காலத்தில் முழுக்க இணையவழியில் நடந்த கூட்டங்களில் இந்தக் குறை நிறைய இருந்தது. கேள்வியைத் தட்டச்சு செய்து அனுப்பினால் அது யார் கண்ணில் பட்டது என்றே தெரியாது. 2025 மார்ச் 1 முதல் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் முழு இணையவழிக் கூட்டம் நடத்த முடியாது. நேரடியாகவோ, நேரடியும் இணையமும் கலந்தோ நடத்த வேண்டும். முடிந்தால் நேரில் போங்கள். எழுந்து நிற்கும் ஆளைப் பார்க்காததுபோல் இருப்பது மேடைக்குக் கடினம்.

பெரும்பான்மைப் பங்கு குடும்பத்திடம் இருக்கிறது. நாம் வாக்களித்து என்ன ஆகப்போகிறது?

அந்தக் கூட்டத்தில் தோற்கத்தான் போகிறோம். இதில் பொய் நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. 2016 ஜூலை முதல் எல்லாத் தீர்மானங்களும் கை தூக்குவதில் முடியாமல் பங்கு எண்ணிக்கைப்படியான வாக்கெடுப்பில்தான் முடிகின்றன. 55 விழுக்காடு வைத்திருப்பவர் தனியாகவே சாதாரணத் தீர்மானத்தை நிறைவேற்றிவிடலாம். தங்கள் கட்டணத்துக்கான வாக்கெடுப்பில் பங்கு வைத்திருக்கும் இயக்குநர்கள் விலகியிருக்க வேண்டும் என்று நெறிமுறை அறிவுரை சொல்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் எதிர்ப்பு வாக்கின் எண்ணிக்கை புர்சா அறிவிப்பில் பதிவாகிறது. அதைப் பெரிய முதலீட்டாளர்கள் படிக்கிறார்கள். பிரிட்டனின் பிபி நிறுவனம் 2015இல் பெரும் நட்டம் கண்ட பிறகும் தலைமை அதிகாரிக்கு ஏறக்குறைய 20 மில்லியன் டாலர் ஊதியம் காட்டியது. 2016 ஏப்ரலில் 59 விழுக்காட்டு வாக்குகள் எதிராக விழுந்தன. அந்த வாக்கு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாத, கருத்து வாக்குதான். அந்த ஆண்டுப் பணம் போய்விட்டது. ஆனால் அடுத்த ஆண்டு அவரது ஊதியம் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது.

இங்கே ஒன்று: 2021 ஜனவரியில் கையுறை தயாரிக்கும் டாப் குளோவ் கூட்டத்தில், உலகின் பெரிய முதலீட்டு நிறுவனங்களில் ஒன்றான பிளாக்ராக் ஆறு இயக்குநர்களின் மறு தேர்வுக்கு எதிராக வாக்களித்தது. காரணம் ஊதியம் அல்ல, தொழிலாளர் விடுதிகளில் பரவிய கோவிட். இயக்குநர்கள் தேர்வாகிவிட்டார்கள். ஆனால் செய்தி உலகம் முழுவதும் போனது.

மலேசியாவில் நட்டமும் பெரும் ஊதியமும் சேர்ந்து வந்த எடுத்துக்காட்டு உண்டா?

சப்புரா எனர்ஜி. எண்ணெய் விலை வீழ்ந்த காலத்தில் தடுமாறிய அந்த நிறுவனம், 2018 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் ஏறக்குறைய 2.5 பில்லியன் ரிங்கிட் நட்டம் காட்டியது. அதே ஆண்டில் தலைமை அதிகாரியின் ஊதியம் 70 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியது. கண்டனம் கிளம்பியது. பிறகு புதுப் பங்கு வெளியீட்டின் வழியே அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனமான பிஎன்பி பெரிய பங்குதாரரானது. 2022இல் நிறுவனம் நிதி நெருக்கடியில் உள்ளவற்றுக்கான பிஎன்17 பட்டியலில் விழுந்தது. ஊதியத்தால் மட்டும் அது விழவில்லை, கடன்தான் முக்கியக் காரணம். ஆனால் அவ்வளவு நட்டத்துக்கு நடுவே அவ்வளவு ஊதியத்துக்கு ஒப்புதல் தந்த வாரியம், வேறு எதையெல்லாம் கேள்வி கேட்காமல் விட்டிருக்கும் என்று யோசிக்க வைக்கிறது.

நான் பங்கே வாங்கவில்லை. இதெல்லாம் எனக்கு எதற்கு?

ஊழியர் சேமநிதி உண்டா? பிஎன்பி நடத்தும் அமானா சஹாம் மலேசியா முதலீட்டு நிதியில் பணம் போட்டிருக்கிறீர்களா? நம் வீடுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஒன்று இருக்கும் என்று தயங்காமல் சொல்வேன். புர்சாவின் பெரிய நிறுவனங்களில் சேமநிதி வாரியமும் பிஎன்பியும் கனமான பங்கு வைத்திருக்கின்றன. அவர்கள் அங்கே போடும் வாக்கு உங்கள் பணத்தின் வாக்கு. சேமநிதி வாரியம் தன் வாக்குக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது, படித்துப் பாருங்கள். குடும்பம் பெரும்பான்மை வைத்திராத நிறுவனங்களில் ஊதியத்தை உண்மையில் அசைக்கக்கூடியவர்கள் இவர்கள்தான். நம் வேலை, இவர்களைக் கேட்கவைப்பது.

"மைக்காவில் பட்டது போதாதா? நமக்கும் பங்குக்கும் ராசியில்லை" என்கிறார் அப்பா.

அப்பாவிடம் வாதம் செய்யாதீர்கள். அவர் சொல்வதில் வலி இருக்கிறது. 1982இல் மலேசிய இந்திய காங்கிரஸ் கட்சியான மஇகா முன்னின்று தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ், 66,000க்கும் மேற்பட்ட இந்தியர்களிடமிருந்து 106 மில்லியன் ரிங்கிட் திரட்டியது. தோட்டத் தொழிலாளர்கள் நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கினார்கள். 1990இல் தெலிகோம் நிறுவனத்தின் 10 மில்லியன் பங்குகள் ஒதுக்கப்பட்டபோது மைக்காவின் கைக்கு வந்தது 1 மில்லியன் மட்டுமே. அந்த விவகாரம் ஆண்டுக்கணக்கில் புகைந்தது, விசாரணையும் நடந்தது, யார் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. கடைசியில் 2010இல் பங்குக்கு 80 சென் என்று தனியார் நிறுவனம் வாங்க முன்வந்தது. கிட்டத்தட்ட 28 ஆண்டு காத்திருந்த 1 ரிங்கிட்டுக்கு 80 சென்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மைக்கா பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம். பிடிக்கவில்லை என்றால் மறுநாள் காலையில் விற்றுவிட்டு வெளியேற வழியில்லை. காலாண்டுக் கணக்கை வெளியிடும் கட்டாயமும் இல்லை. ஆண்டுக் கூட்டத்தில் கூச்சல் போடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு கருவி கையில் இல்லை. இன்று புர்சா நிறுவனத்தின் பங்குதாரரிடம் கருவிகள் இருக்கின்றன. பழைய பழக்கத்தில் இப்போதும் கூச்சலை மட்டுமே நாடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

நாங்களே ஒரு தீர்மானம் கொண்டுவர முடியுமா? இயக்குநரை நீக்க முடியுமா?

முடியும், ஆனால் தலை எண்ணிக்கை வேண்டும். மொத்த வாக்குரிமையில் 2.5 விழுக்காடு வைத்திருப்பவர்கள், அல்லது சட்டம் சொல்லும் குறைந்தபட்சப் பங்குத் தொகையை உடைய 50 பங்குதாரர்கள் சேர்ந்து ஒரு தீர்மானத்தைச் சுற்றுக்கு விடச் சொல்லலாம். 10 விழுக்காடு இருந்தால் சிறப்புக் கூட்டத்தையே கூட்டச் சொல்லலாம். பொது நிறுவனத்தில் இயக்குநரை நீக்கச் சாதாரணத் தீர்மானம் போதும், அதற்குச் சிறப்பு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். 50 பேரைத் திரட்டுவது எட்டாத காரியமல்ல. வழக்கறிஞரிடம் ஒருமுறை படிவத்தைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள், எழுத்துப் பிழையைக் காரணம் காட்டித் தள்ளிவிடுவார்கள்.

யாரிடம் புகார் செய்வது?

அதிகச் சம்பளம் என்பது மட்டும் புகாராகாது, அது குற்றமில்லை. வெளியிட வேண்டியதை வெளியிடவில்லை என்றால் புர்சா. கணக்கில் தில்லுமுல்லு, உள்தகவல் வணிகம் என்றால் செக்யூரிட்டீஸ் கமிஷன். பொதுக் கூட்டமே நடத்தவில்லை என்றால் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்.

இவற்றோடு, 2000ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சிறுபான்மைப் பங்குதாரர் கண்காணிப்புக் குழு, எம்எஸ்டபிள்யூஜி, உண்டு. அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் கூட்டங்களுக்கு முன்பே நிறுவனங்களுக்கு அனுப்பும் கேள்விகளைத் தன் இணையத்தளத்தில் போடுகிறது. கேள்வி எழுதப் பழகுகிறவர்களுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை.

எல்லாம் கேட்டாகிவிட்டது, ஒன்றும் மாறவில்லை. விற்றுவிடலாமா?

நான் வைத்துக்கொண்ட அளவுகோலைச் சொல்கிறேன், முதலீட்டு ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லாபம் விழுந்து சம்பளமும் விழுந்தால் காத்திருப்பேன். லாபம் விழுந்து சம்பளம் அப்படியே நின்றால் கேள்வி கேட்டுவிட்டு ஓராண்டு பார்ப்பேன். தொடர்ந்து இரண்டு ஆண்டு லாபம் விழுந்து சம்பளம் ஏறினால், பெரும்பான்மையும் குடும்பத்திடமே இருந்தால், வாங்கிய விலையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். "வாங்கிய விலைக்கு வரட்டும்" என்று பத்தாண்டு காத்திருப்பவர்களால்தான் அந்த நிர்வாகம் நிம்மதியாகத் தூங்குகிறது.

வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால், கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் படியுங்கள். 30 வேலை நாட்களுக்குள் அதைப் பங்குதாரர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது நெறிமுறை. உங்கள் கேள்வியும் பதிலும் சொன்னபடியே இருக்கின்றனவா, பல்லைப் பிடுங்கிவிட்டுப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மாற்றியிருந்தால் நிறுவனச் செயலாளருக்கு எழுதுங்கள். அவர் பெயர் ஆண்டறிக்கையின் முதல் சில பக்கங்களிலேயே இருக்கும்.